ஒன்பது செக்கன்

என் தங்கை ஸுல்பிகாவின் புருஷன் இஹ்ஸான், இருபத்தேழு வயது வரை பஸ் பிடிக்கக்கூட ஓடியவனல்ல. கல்முனை பசாரில் ஒரு புடைவைக் கடையில் நாள் முழுக்க நின்றபடி துணி கிழித்துக் கொடுப்பான். அப்படிப்பட்டவன் தொண்ணூற்றாறில் ஓடத் தொடங்கினானென்றால் காரணம் அரசாங்க உத்தியோகம்தான். ஒரு திணைக்களத்துக்குக் காவலாளிகள் எடுத்தார்கள். எழுத்துப் பரீட்சையில் பாஸாகிவிட்டான். மிச்சம் ஒன்றரை மைல் ஓட்டம், பன்னிரண்டு நிமிடத்துக்குள். வயதெல்லை இருபத்தெட்டு. இந்த முறை தவறினால் அவ்வளவுதான்.

மூன்று மாதம் பழகினான். சுபஹ் தொழுதுவிட்டு, வெளிச்சம் வந்தபின் காற்சட்டையோடு கடற்கரை வீதியில் ஓடுவான். நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி சைக்கிளில் பின்னால் போவேன். முதல் வாரம் பள்ளிவாசலைத் தாண்டுமுன்னே விலாவைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான். நான் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? ஆனால் அவன் விடவில்லை.

வழியில் ஆமிக்காரரின் காவலரண் ஒன்று இருந்தது, சென்றி என்போம். அந்தச் சண்டைக் காலத்தில் அதன் முன்னால் யாரும் ஓடுவதில்லை, ஓடினால் சுடுவார்கள். சைக்கிள்காரன் இறங்கி உருட்ட வேண்டும், நடப்பவன் கை தெரிய மெல்ல நடக்க வேண்டும். இஹ்ஸானும் காவலரணின் மண்மூட்டை தெரிந்ததும் நிற்பான், அடையாள அட்டையைக் காட்டுவான், முப்பது அடி நடப்பான், பிறகு ஓடுவான். அந்த நேரத்தைக் கழித்துத்தான் நான் கணக்குப் பார்ப்பேன். கழித்தால் பதினொன்றரை நிமிடம். போதுமென்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம். மடையர்கள்.

பரீட்சைக்கு மைதானம் கிடைக்கவில்லை, அங்கே ஆமி முகாம். அதே கடற்கரை வீதியில் ஓட்டத்தை வைத்தார்கள். காவலரணுக்குச் சொல்லியாயிற்று, யாரும் நிற்க வேண்டாம் என்று அதிகாரி இரண்டு தரம் உரத்துச் சொன்னார். இஹ்ஸானும் தலையாட்டினான்.

நான் காவலரணுக்குக் கிட்ட வேலியோரம் நின்றேன். நாற்பது பேரில் ஏழாவதாக வந்தான், நல்ல வேகம். மண்மூட்டை தெரிந்தது. நின்றுவிட்டான். கை அட்டையைத் தேடியது. அன்று போட்டிருந்த காற்சட்டையில் பையே இல்லை. மற்றவர்கள் அவனைக் கடந்து ஓடினார்கள். ஆமிக்காரனே "யன்ன, யன்ன" என்று போகச் சொல்லிக் கையை வீசினான். துவக்குப் பிடித்தவன் கை அசைந்ததும் இவன் இன்னும் விறைத்துப்போனான். நான் கத்திய பிறகுதான் ஓடினான். பன்னிரண்டு நிமிடம், ஒன்பது செக்கன்.

அதிகாரியிடம் போய்க் கெஞ்சினேன். நல்ல மனிதர். மணிக்கூட்டைத் திரும்பவும் பார்த்தார், கடதாசியைப் பார்த்தார், தன்னால் ஒன்றும் செய்ய முடியாதென்றார். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. யாரைக் கோபிப்பது? கோபிக்க ஆள் கிடைக்காத அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சைக்கிளில் ஏற்றிக் கூட்டி வந்தேன். வழியில் ஒரே ஒரு தரம் வாய் திறந்தான்.

"நான் நிக்கல்ல மச்சான். கால்தான் நிண்டுட்டு."

நடந்ததைக் கேட்ட ஸுல்பிகா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டாள். மூன்று மாதமும் ஒவ்வொரு நாளும் விடிய வாசலில் வைத்து, சென்றியில் மறக்காமல் நில்லுங்கள் என்று சொல்லி அனுப்பியது தான்தானே என்று அழுதாள். அவள் சொன்னது பொய்யல்ல.

மறுநாள் விடிய, பழக்கதோஷத்தில் நான் சைக்கிளோடு போனேன். அவனும் காற்சட்டையோடு வாசலில் நின்றான். இனி எதற்காக ஓடுவதென்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஸுல்பிகா படலைக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"ஒங்கட உத்தியோகத்தக் கெடுத்தது நான்தான்," என்றாள். "ஆனா இண்டைக்கும் சென்றியில நில்லுங்கெண்டுதான் சொல்லுவன்."

"ஓம்," என்றான் இஹ்ஸான். வேறு என்ன சொல்வான்?