இன்றைக்கு யாருக்கு வேண்டாம்?

ஞாயிறு காலை. கோலா சுங்கை பாரு கரையில் மீன் படகு வந்துவிட்டது. மீனைப் படமெடுத்து எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் குழுவில் போடப் போனேன். அதற்குள் அண்ணி அங்கே எழுதியிருந்தார்: "உங்க ஆரோக்கியம் அண்ணன் விடியகாலையில தூக்கத்திலேயே போயிட்டாரு." வாடிக்கையாளர்களான உங்களுக்கும், கடையில் அவருடைய பங்குதாரரான எனக்கும் ஒரே நேரத்தில்தான் தெரிந்தது.

அலோர் காஜாவில் எங்கள் மீன்கடை மூடும் நிலைக்கு வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மாலையானால் மீன் மிஞ்சிக் கிடக்கும். தெருப் பூனைகள் மட்டும் கொழுத்தன. அப்போது கோட்டு போட்ட ஒருவர் வந்து, வெப்சைட் திறந்தால் உலகமே வாங்கும் என்றார். அண்ணன் அவருக்குத் தேநீர் கொடுத்துச் சொன்னார்: "உலகத்துக்குப் போறதுக்குள்ள மீன் நாறிடும் லா. அலோர் காஜா வாங்குனா போதும்."

நான் அதற்கும் ஒரு படி மேலே போனேன். "போன் குட் மார்னிங் அனுப்பத்தான் லாயக்கு" என்றேன். கோட்டுக்காரரையும் என்னையும் அண்ணன் பொருட்படுத்தவில்லை. படகு வந்து நிற்கும் படகடியிலிருந்தே தெரிந்த வீடுகளுக்குப் போனில் மீன் படம் அனுப்பினார், கேட்டவர்களுக்கு மட்டும் மீன் எடுத்தார்.

அந்த உற்சாகத்தில்தான் புரட்டாசிச் சனிக்கிழமை எல்லா வீட்டுக்கும் நண்டுப் படம் போனது. மாதா கோயில் ஆளுக்குப் புரட்டாசி எங்கே தெரியும்? ஓர் அக்கா குரல் பதிவிலேயே அர்ச்சனை செய்தார்: "பெருமாளுக்கு விளக்கேத்திட்டு போனைத் தொறந்தா நண்டு மொறைக்குது! நல்லா இருப்பீங்களா அண்ணே?"

அண்ணன் வீடு வீடாகப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். கையோடு, எந்தெந்த நாள் சைவம் என்றும் கேட்டார். வெள்ளியன்று மீன் வாங்குபவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, சனிக்கு ஒரு குழு. ஞாயிறு மட்டும் எல்லோரும். "போன் மீன் விக்காது தங்கச்சி. இன்னிக்கு யாருக்கு வேணாம்னு சொல்லும். அது தெரிஞ்சா மீன் வீணாகாது." கடை பிழைத்தது. பூனைகள்தான் இளைத்தன.

அண்ணன் போன அந்த ஞாயிறு, வழக்கமான கூட்டத்தை நம்பி, குழுவைப் பார்க்கும் முன்பே மீனைப் பெட்டி பெட்டியாக எடுத்துவிட்டிருந்தேன். அண்ணி எழுதியதற்குக் கீழே முதலில் பதில் போட்டது நண்டு அக்கா: "இன்னிக்கு எங்க வீட்ல மீன் வேணாம்மா." பிறகு ஒவ்வொரு வீடாக அதையே எழுதியது. படகடியில் நின்று அழுதேன்.

மிஞ்சியதைப் பார்த்திருந்தால் அண்ணன் ஏசியிருப்பார். ஐஸ் போட்டு அவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். மறுநாள் அடக்கம் முடிந்து வந்த உறவினர்களுக்கு அதுதான் குழம்பு. ஒரு துண்டு வீணாகவில்லை.

இப்போதும் படகடியில் போனை எடுத்தால் அவர் கேள்விதான் முதலில் வருகிறது: இன்னிக்கு யாருக்கு வேணாம்? அந்த ஒரு ஞாயிறுதான், யாருக்குமே வேண்டாம்.