அலெக்சாந்திரியாக் காசில் குங்குமம்

இது நடந்தது. மாத்தளை கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த ஜுனைதீன் நானாவைத் தெரிந்தவர்களுக்கு, அவர் கதை கட்டும் ஆள் இல்லை என்பதும் தெரியும்.

ஆண்டு 1962. நானாவுக்குப் பழங்காசுப் பைத்தியம். முன்பு ஒருமுறை கோப்பித் தோட்டத்தில் கூலிக்குக் கொடுத்த டோக்கனை ரோமானியக் காசு என்று ஊரெல்லாம் காட்டி மூக்குடைபட்டவர். அன்றிலிருந்து ‘டோக்கன் நானா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது கையில் இருந்ததோ அசல் வெண்கலம். தோட்டத் தொழிலாளி கணபதி, கொக்கோவுக்குக் குழி வெட்டும்போது கிடைத்ததென்று கொடுத்தது. ஒரு பக்கம் ரோமப் பேரரசன் தலை, மறுபக்கம் கழுகு, கிரேக்க எழுத்துகள். அலெக்சாந்திரியாவில் அடித்தது என்பது வரை புத்தகம் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். கழுகின் காலடியில் ஆண்டுக்குறி. அதையடுத்த ஓர் எழுத்துதான் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று சொல்லும். அதை வாசித்துவிட்டால் வெள்ளிக்கிழமை வரும் மியூசியம் அதிகாரி முன்னால் தலை நிமிரலாம்.

எண்ணெயில் ஊறவைத்து, முள்ளால் சுரண்டி, பாதி எழுத்தை வெளியே கொண்டுவந்தார். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால்... எழுத்தின் மேல் குங்குமம்.

“ஆரு இதத் தொட்ட?”

“குங்குமத்துக்கு நான் எங்க போற?” என்று சீறினாள் மனைவி றஸ்மியா.

நியாயம்தான். துடைத்தார். மறுநாள் காசை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். திரும்பவும் குங்குமம். அதே எழுத்தின் மேல். ஈரமாக. அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெருவிரல் ரேகை. சீ என்று ஆகிவிட்டது அவருக்கு.

வியாழக்கிழமை அவர் நகரவே இல்லை. பட்டப்பகல். எரிச்சலோடு பூதக்கண்ணாடியைக் காசின் மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எழுத்து தெளிந்தது. இன்னும் கொஞ்சம்...

கண்ணாடிக்குள் இரண்டு பெருவிரல்கள் இறங்கின.

ஒட்டியபடி. சிவப்பாக.

டப்.

கண்ணாடியை எறிந்தார். அறையில் யாரும் இல்லை. குங்குமம் இருந்தது.

காசை எடுத்துக்கொண்டு, தோட்டத்தில் கணபதி குடியிருந்த லயத்துக்கு ஓடினார். காசைக் கண்டதும் கணபதி காலில் விழுந்தான்.

“குழி வெட்டினப்ப கெடைச்சதுதாங்க மொதலாளி. எம் பொஞ்சாதி கமலாட்சிக்கு அது மேல உசுரு. அவ செத்தப்ப நெத்திக்காசா அதையே குங்குமத்துல ஒட்டி வெச்சாங்க. மண்ணு போடுறதுக்கு முன்ன நாந்தான் எடுத்துட்டேன்.”

இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் அந்த எழுத்தை வாசித்துவிடலாம். ஆனாலும் நானா காசைக் கொடுத்துவிட்டார். கணபதி அதை அவள் குழியின் தலைமாட்டு மண்ணில் புதைத்தான். வெள்ளிக்கிழமை அதிகாரி வெறும் மேசையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். ‘டோக்கன் நானா’ என்ற பெயர் சாகும்வரை போகவில்லை.

ஒன்று மட்டும் அவரைக் குடைந்தது. அடுத்த சம்பள நாளன்று கடைக்கு வந்த கணபதியிடம் கேட்டார், இரண்டு விரலும் ஏன் ஒட்டியபடி வந்தன என்று.

கணபதி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

“செத்தவங்க கைப் பெருவெரல் ரெண்டையும் சேத்துக் கட்டுவோங்க. குழியில எறக்குறப்ப அவுத்துடணும். அன்னைக்குச் சரியான மழை... அவுக்க மறந்துட்டோம் மொதலாளி.”