கேமரா மேல் போட்ட பழி

ஊரை விட்டுப் போன ஒரு தங்கச் சுரங்க அதிகாரியிடமிருந்து என் கைக்கு வந்தது அந்த எஸ்.எல்.ஆர். கேமரா. முழுக்க உலோகம். கழுத்தில் மாட்டினால் அம்மிக் குழவியைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் கனக்கும். ராபர்ட்சன்பேட்டையில் என் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாபா, இத்த வச்சு ஆளையே அடிக்கலாம் போல" என்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது. கனமான கேமரா கையில் ஆடாது. மங்கிய வெளிச்சத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவான ஷட்டரில் எடுத்தாலும் படம் தெளிவாக விழும்.

ஒருநாள் அது சைக்கிளிலிருந்து நடுரோட்டில் விழுந்தது. மூலையில் சின்ன நசுங்கல், அவ்வளவுதான். ரோட்டுக்குத்தான் அடி என்று சிரித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றில் சாவு. பல வருஷம் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறியவர், நெஞ்சு நோயில் படுத்துக் காலமாகிவிட்டார். எங்கள் பக்கம் அடக்கத்துக்கு முன்னால் இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, குடும்பத்தோடு ஒரு படம் எடுப்பது வழக்கம். "கண்ணுல ஃப்ளாஷ் அடிக்காத தம்பி, அவருக்குப் புடிக்காது" என்றார் அவர் மனைவி. கதவு வெளிச்சத்திலேயே மெதுவான ஷட்டரில் ஒரு படம் எடுத்தேன். "ஆடாதீங்க" என்றேன். யாரும் ஆடவில்லை.

ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் ஆடியவர் ஒருவர்தான். இறந்தவர். மனைவி, இரண்டு மகள்கள், மருமகன் எல்லாரும் துல்லியமாக நிற்கிறார்கள். அவர் முகம் மட்டும் கலங்கி, இரண்டாகத் தெரிகிறது.

மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்தம்மா ஸ்டுடியோவுக்கே வந்து நின்றுவிட்டார். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இவரு அசைஞ்சிருக்காரே. உசுரு இருந்துச்சா? உசுரோடவா பொதைச்சிட்டோம்?"

"கேமரா கீழ விழுந்துடுச்சும்மா, அதான்..."

"கேமரா கெட்டிருந்தா நாங்க மட்டும் எப்பிடி நேரா கீறோம்?"

நியாயமான கேள்வி. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. கேமராவின் கண்ணாடியை, ஷட்டரை, திருகுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். செங்கல் சுவரை எடுத்தேன், ஸ்டேஷன் போர்டை எடுத்தேன். எல்லாம் பளிச்சென்று வந்தன. "கெட்டுத் தொலைஞ்சிருக்கக் கூடாதா, சனியனே!" என்று அதைத் திட்டினேன். டாக்டர் பார்த்து உறுதிசெய்த சாவு. இருந்தும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நானும் அந்தக் குழியில் ஒரு பிடி மண் போட்டவன்.

நாலாம் நாள் இருட்டறையில் அதே படத்தைப் பெரிதாகப் போட்டுக்கொண்டிருந்தேன். மருந்துத் தட்டு தளும்பியது. என் இடது கை தானாகப் போய் அதைப் பிடித்து, அடங்கியதும் விட்டது. நான் ஒன்றும் நினைக்கவில்லை. சுரங்கத்தின் ஆழத்தில் பாறை நெரிந்து உடையும்போதெல்லாம் மேலே எங்கள் வீடுகள் குலுங்கும். பிறந்ததிலிருந்து குலுங்குகிற ஊரில் யார் அதைத் தலை நிமிர்ந்து பார்க்கிறார்கள்?

கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் கையையே பார்த்தேன். பிறகு படத்தை. இறந்தவருக்குப் பின்னால் பலகைமேல் அடுக்கியிருந்த டம்ளர்களும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. இத்தனை நாளும் நான் அந்த முகத்தையே வெறித்துக்கொண்டிருந்திருக்கிறேன். படம் எடுத்த நொடியில் தரை குலுங்கியிருக்கிறது. உயிரோடு இருந்த நாங்கள் பழக்கத்தில் காலை ஊன்றிக்கொண்டோம். அவருக்கு ஊன்ற முடியவில்லை.

ஈரப் படத்தோடு ஊரிகத்துக்கு சைக்கிளை மிதித்தேன். டம்ளர்களைக் காட்டி, "அன்னிக்கி பூமி அதிர்ந்துச்சாம்மா?" என்றேன்.

"யாரு கண்டா? தெனம்தான் ஆடுது." அந்தம்மா டம்ளர்கள்மேல் விரலை ஓட்டினார். "ஆடுனா இவருதான் கேப்பாரு, 'கீழ யாரு ஷிஃப்ட்டு?'ன்னு. சோத்துல கை வச்சிருந்தாலும் எழுந்து வாசலுக்குப் போய்க் கேப்பாரு. படுக்கையில வுழுந்த பொறவும் தலையத் தூக்கிக் கேட்டாரு. அத்த வச்சுத்தான் எங்களுக்கு ஆடுனதே தெரியும்."

விரலை அவர் முகத்துக்கு நகர்த்தினார்.

"அன்னிக்கி ஆடியும் கேக்கலியே தம்பி" என்றார். படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.