மெர்சி கையில் இருந்த என் ரசீது

மெர்சி பரீட்சையில் தோற்றுப்போக வேண்டும் என்று ஜெபித்தவள் நான். ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். இந்த அசிங்கத்தை மறைத்துவிட்டு அதைச் சொல்ல முடியாது. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனிக் கேளுங்கள்.

என் பெயர் ஜெபசெல்வி. ஆமத்தூரில் இருக்கிறோம். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில், பைண்டிங் பிரிவில் பன்னிரண்டு வருடமாக வேலை. மெர்சி என் கொழுந்தனின் மனைவி. அடுத்த தெருவில் வீடு.

கம்பெனியில் ப்ரூஃப் பார்க்கும் பிரிவு என்று ஒன்று உண்டு. நாற்காலி, மேஜை, தலைக்கு மேலே ஃபேன். டிகிரி இருந்தால்தான் அங்கே உட்கார முடியும். மேனேஜர் ஒருநாள் என்னிடம், "தமிழ்ல ஒரு டிகிரி முடிச்சுட்டு வாங்க, பாத்துக்கிடலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தபால் வழியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தேன்.

சேர்ந்த வாரமே விதிமுறைப் புத்தகத்தை முழுக்கப் படித்தேன். பிளஸ் டூ பாஸ் செய்த பிறகுதான் டிகிரியில் சேர வேண்டும். மாற்றுச் சான்றிதழ் அசல்தான் தர வேண்டும், ஜெராக்ஸ் ஆகாது. இனிஷியல் அதில் உள்ளபடி அப்பாவுடையதுதான், கல்யாணத்துக்குப் பின் வந்த இனிஷியல் செல்லாது. அசைன்மென்டைச் சொந்தக் கையெழுத்தில் எழுதிக் கொடுத்து, முத்திரை போட்ட ரசீது வாங்க வேண்டும். ரசீது இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் வராது. மூன்று வருடப் படிப்பை ஐந்து வருடத்துக்குள் முடிக்காவிட்டால் பதிவு ரத்து, மறுபடி முதலிலிருந்து. எல்லாம் எனக்கு மனப்பாடம். கேட்டவர்களுக்குச் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

நான் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து மெர்சியும் அதே படிப்பில் சேர்ந்தாள்.

"அக்கா, நீங்க படிக்கிறதப் பாத்துத்தான் எனக்கும் ஆசை வந்துச்சு" என்றாள். சிரித்தேன். உள்ளே வயிறு எரிந்தது.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில், விருதுநகரில் உள்ள படிப்பு மையத்தில் நடக்கும். நான் வகுப்புக்குப் போன ஞாயிறுகளில், "ஜெபசெல்வி இப்பல்லாம் கோயிலுக்கே வாரதில்ல" என்று பேச்சு கிளம்பியது. மெர்சி போன முதல் ஞாயிறே போதகர், "படிக்கப் போயிருக்கிற உம்முடைய மகள் மெர்சியை நினைத்தருளும்" என்று பலிபீடத்தில் நின்று ஜெபித்தார். அடுத்த வாரம் இதை மெர்சியே வந்து சந்தோஷமாகச் சொன்னாள். இரண்டு வருடம் நானும்தான் பஸ் ஏறிப் போய்வந்தேன். என் பெயர் ஒரு ஜெபத்திலும் வந்ததில்லை.

அத்தை, அதாவது என் மாமியார், அவர்களும் விட்டுவைக்கவில்லை. "மெர்சி எழுத்தப் பாத்தியா, முத்து முத்தா இருக்கு" என்பார்கள். பசை காய்ந்த என் விரல்களைப் பார்த்துக்கொள்வேன். நாள் முழுக்கத் தாள் அடுக்கிவிட்டு வந்து எழுதினால் என் எழுத்தும் கோணத்தான் செய்யும். அவள் வீட்டில் இருக்கிறவள், எழுதுகிறாள். இப்படித்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவள் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எழுதுகிறாள் என்பது என் கண்ணில் படவே இல்லை.

எங்கள் பரீட்சை டிசம்பரில் வரும். காலண்டர் சீசனும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். லீவு கிடைக்காமல் இரண்டு பாடம் எனக்கு நின்றுபோயிற்று. அது ஐந்தாவது வருடம். அந்த டிசம்பரை விட்டால் எனக்கு டிகிரி கிடையாது. மெர்சிக்கோ ஒரு பாடம்கூட நிற்கவில்லை. எனக்குப் பின்னால் வந்தவள் என்னோடு சேர்ந்து முடிக்கப்போகிறாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. தினமும் முழங்கால்படியிட்டு இரண்டு விண்ணப்பம் வைத்தேன். என்னைப் பாஸாக்கும், ஆண்டவரே. அவளை ஒரு பாடத்திலாவது தோற்கடியும்.

அக்டோபரோடு வகுப்பு முடிந்துவிடும். அந்தக் கடைசி வகுப்பில் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தார்கள். அசைன்மென்ட் கொடுக்கக் கடைசி நாள் நவம்பர் பதினைந்து. கிழமை போடவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மெர்சி அன்றைக்கு வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கே வந்து கேட்டாள்.

"தேதி போட்டுட்டாங்களாக்கா?"

"இன்னும் போடல மெர்சி."

நாக்கு கூசவில்லை. அவள் போனதும் சுவரில் இருந்த காலண்டரில் கிழமை பார்த்தேன். என் ஃபைல் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: "கடைசி நாள் நவம்பர் 15, சனி." அதற்குப் பிறகு பதினைந்து என்பது மனதில் நிற்கவில்லை. சனிக்கிழமை மட்டும்தான் நின்றது.

இரண்டு பாடத்துக்கும் எழுதி முடித்து, அடையாள அட்டை நகலையும் வைத்து, ஃபைலை பீரோ மேல் வைத்தேன். சனிக்கிழமை அரைநாள் பெர்மிஷன் வாங்கினேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வேனில் ஏறிப் போனைப் பார்த்தால், மெர்சி நான்கு தடவை கூப்பிட்டிருந்தாள். பைண்டிங்கில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது, அதனால் எடுக்கவில்லை. திருப்பிக் கூப்பிடாதது என் கொழுப்பு. தேதி கேட்கத்தான் கூப்பிட்டிருப்பாள், அலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தேன். பீரோ மேல் ஃபைல் இல்லை.

"நேத்து மெர்சிதான் வந்து எடுத்துட்டுப் போனா. ஒங்கிட்டச் சொல்லியிருப்பான்னுல்ல நெனச்சேன்" என்றார்கள் அத்தை.

பார்த்து எழுத எடுத்தாளா, கிழித்துப் போட எடுத்தாளா. இரண்டில் எதுவாக இருந்தாலும் செய்யக்கூடியவள் என்று நினைத்தேன். அவள் இடத்தில் நான் இருந்தால் செய்திருப்பேன், அதனால்தான் நினைத்தேன். அப்படியே தரையில் விழுந்து அழுதேன். ஐந்து வருடம், ஆண்டவரே. அவளை என்ன வேண்டுமானாலும் செய்யும், என் பேப்பரை எனக்குக் கொடும். அதுதான் என் ஜெபம். அதைவிட நல்லதாக ஒன்று சொல்ல ஆசைதான், ஆனால் நான் சொன்னது அதுதான்.

எழுந்து அவள் வீட்டுக்கு ஓடினேன். எம். புதுப்பட்டியில் அம்மா வீட்டில் தங்கிவிட்டு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தாள். தோளில் பிள்ளை, கையில் என் ஃபைல்.

"யாரக் கேட்டு எடுத்த?" என்றேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

"அக்கா, கோவிச்சுக்கிடாதீக. நேத்துத்தானக்கா கடைசி நாளு. கூடப் படிக்கிற பிள்ள காலையில போன் போட்டுச் சொல்லிச்சு. நீங்க குடுத்துட்டீகளான்னு கேக்க வந்தேன், பீரோ மேல இருந்துச்சு. எம்புட்டுத் தடவ கூப்பிட்டேன், நீங்க எடுக்கல. அதான் என்னோடதோட சேத்துக் குடுத்துட்டேன்."

"கடைசி நாளு இன்னைக்குத்தான. பதினஞ்சு, சனி."

"இன்னைக்குப் பதினாறுக்கா. ஒங்க வீட்டுச் சுவத்துல தொங்குறது அடுத்த வருசக் காலண்டரு."

ஆடியிலிருந்தே நாங்கள் அடுத்த வருடத்தைத்தான் அடுக்குகிறோம், தைக்கிறோம். ஓரம் பிசகின காப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிவிடுவேன். எங்கள் கம்பெனிப் பெண்கள் பாதிப் பேர் வீட்டில் அப்படித்தான். அடுத்த வருடத்துச் சனிக்கிழமையை நம்பி இந்த வருடத்து வெள்ளிக்கிழமையைத் தொலைத்திருந்தேன். விதிமுறை எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவள் நான்.

மெர்சி ரசீதை நீட்டினாள். என் பெயர், என் அப்பா இனிஷியல், முத்திரை. இரண்டு பாடத்துக்கும் இரண்டு ரசீது. பிறகு ஃபைலைக் கொடுத்தாள். அட்டையில் என் கொட்டை எழுத்து அப்படியே இருந்தது: கடைசி நாள் நவம்பர் 15, சனி.

"இதப் பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன்க்கா."

தேதி போடவில்லை என்று நான் சொன்ன பொய் அவளுக்கு நேற்றுக் காலையிலேயே தெரிந்திருக்கிறது. அந்தப் பொய்யைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பிள்ளையோடு விருதுநகருக்கு பஸ் ஏறியிருக்கிறாள்.

"பெறகு ஏன் கொண்டுபோய்க் குடுத்த?"

பிள்ளையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள். கொஞ்சம் கோபம் இருந்தது முகத்தில். இல்லாமல் இருக்குமா. "எனக்குன்னா இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. ஒங்களுக்கு இதான கடைசி. அஞ்சு வருச ரூலு நீங்க சொல்லிக்குடுத்ததுதானக்கா."

அவளைப் பயமுறுத்தத்தான் அந்த ரூலைச் சொன்னேன். அவள் அதை எனக்காக ஞாபகம் வைத்திருந்தாள். அந்த வாசலிலேயே உட்கார்ந்து, "பொய் சொல்லிட்டேன் மெர்சி, பொறாம" என்றேன். அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

டிசம்பரில் இரண்டு நாள் லீவு கேட்டேன், கிடைத்தது. இரண்டு பாடமும் பாஸ். மெர்சியும் எல்லாப் பாடமும் பாஸ், என்னைவிட அதிக மார்க். கேட்டதும் சுருக்கென்று ஒரு குத்து குத்தியது. பொய் சொல்ல மாட்டேன், அது இன்னும் முழுசாகப் போகவில்லை. அதையும் சேர்த்துத்தான் தினமும் ஜெபிக்கிறேன். போன மாதச் சாட்சிக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவளை எழுப்பி நிறுத்தி நன்றி சொன்னேன்.

இப்போது ப்ரூஃப் பிரிவில் உட்காருகிறேன். எனக்குத் தந்த முதல் வேலை என்ன தெரியுமா? அடுத்த வருடக் காலண்டரில் தேதியும் கிழமையும் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பது. ஆண்டவருக்கும் வேடிக்கை பண்ணத் தெரியும்.

என் சகோதரிகளே, நான் இரண்டு விண்ணப்பம் வைத்தேன். முதலாவதை ஆண்டவர் கேட்டார். அதை எனக்குக் கொடுத்தனுப்ப, இரண்டாவதில் நான் பெயர் சொன்னவளையே தேடிப் பிடித்தார். உங்கள் ஜெபத்திலும் அப்படி ஒரு பெயர் இருக்கும். அவரை நம்புங்கள். அந்தப் பெயரிலிருந்து போன் வந்தால் எடுங்கள்.