உயிரோடு இருந்தவனுக்கு ஒட்டிய போஸ்டர்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் நம்ப வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் லாஸ்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தேங்காய்த்திட்டுப் பக்கம் மீனவர்கள் இருக்கிற ஒரே தெருவில், நாலு மாதத்துக்குள் ஐந்து பேர், எல்லாம் முப்பது வயசு ஆட்கள், வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபடியே, சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்திலேயே, இதயம் நின்று போய்ச் சேர்ந்தார்கள். அறுத்துப் பார்த்த டாக்டர்களுக்கும் காரணம் பிடிபடவில்லை. ஐந்து போஸ்டரும் நான் அடித்ததுதான்.

ஐந்தாவதில் தப்பு செய்துவிட்டேன். இறந்தவருக்குத் தனிப் படம் கிடையாது. புதுப் படகுக்குப் பூஜை போட்டபோது எடுத்த கும்பல் படத்திலிருந்து, அவருக்குப் பக்கத்தில் நின்ற அதே தெருக்காரன் செல்வத்தின் முகத்தை வெட்டிப் போட்டுவிட்டேன். துக்க வீட்டு அவசரத்தில் யாரும் கவனிக்காமல் தெரு முழுக்க ஒட்டிவிட்டார்கள்.

மதியம் செல்வமே கடைக்கு வந்து நின்றான்.

"இன்னாண்ணே, என்னைய அனுப்பி வெச்சிட்டு நீ பாட்டுக்கு டீ குடிக்கிற!"

சிரித்தான். பின்னாலேயே அவன் மனைவி, அழுதுகொண்டு.

"அஞ்சு பேரு போயிட்டாங்கண்ணே. அடுத்தது இவருதான்னு நீங்களே காட்டிக் குடுத்துட்டீங்களே. மொதல்ல வந்து கிழிங்க."

சுரண்டுகிற தகட்டோடு போனேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் மறித்தார்.

"கை வெக்காதப்பா. தேடிக்கினு வர்றது இந்த மூஞ்சியப் பாத்துட்டு, இவனும் போயிட்டான்னு திரும்பிடும். கிழிச்சா மறுபடியும் வரும்."

"அப்போ உங்க புள்ள மூஞ்சிய ஒட்டுங்களேன்!" என்று செல்வத்தின் மனைவி கத்தினாள்.

"வுடு புள்ள, வெறும் காகிதம். இருந்துட்டுப் போவட்டும்" என்றான் செல்வம்.

கிழிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் அப்படிச் சாகவில்லை. தற்செயல் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் மழையில் போஸ்டர் நைந்ததும் செல்வம் வந்தான். "அதே மாதிரி இன்னொன்னு அடிச்சிக் குடுண்ணே." வருஷா வருஷம் மழை முடிந்ததும் வருகிறான், நானும் அடித்துக் கொடுக்கிறேன்.

போன வருஷம் வந்தபோது, விளையாட்டுப் போல அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். கிடைக்கவில்லை. விரலை மாற்றி மாற்றி வைத்தேன், அவன் கையை நீட்டிக்கொண்டே இருந்தான். அவனுக்கு இப்போது மீனுக்கு ஐஸ் உடைக்கிற வேலை, கை மரத்துப்போயிருக்கும், எனக்கும் நாடி பார்க்கத் தெரியாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனதும் என் மனைவியின் கையைப் பிடித்துப் பார்த்தேன். உடனே கிடைத்தது.