தோள் தொட்டு எண்ணியவர்

ஷார்ஜா நீதிமன்றத்துக்கு அவர் எப்போதும் அதே நீலச் சட்டையில்தான் வருவார், இஸ்திரி மடிப்புக் கலையாமல். முவைலாவில் கம்பெனி தங்கவைத்திருந்த கேம்ப்பில் தீப்பிடித்து உடைமைகளை இழந்த தொழிலாளர்கள், நஷ்டஈடு கேட்டுக் கம்பெனி மேல் சேர்ந்து போட்ட வழக்கு அது. அவர்களுடைய வக்கீலிடம் நான் மொழிபெயர்ப்பாளன்.

அவரும் அந்தத் தொழிலாளர்களில் ஒருவர். உள்ளே போகுமுன் ஒவ்வொருவர் தோளையும் தொட்டு ஆள் எண்ணுவார். ஒருவர் குறைந்தாலும் கேஸ் விழுந்துவிடும் என்பார். ஏதோ பதற்றம் என்று நானும் விட்டுவிட்டேன்.

வழக்கைத் துபாய்க்கு மாற்றக் கேட்டுக் கம்பெனி மனுப் போட்டது. நீதிபதி சம்மதித்துவிட்டார். வெளியே வந்து நீலச் சட்டைக்காரரிடம் சொன்னேன்.

"அப்ப மறுபடி மொதல்லேர்ந்தா சார்?"

"இல்லண்ணே. விட்ட எடத்துலேர்ந்து அங்க நடக்கும்."

"எடம் மாறினாலும் கேஸ் சாகாதா?"

"கேஸ் என்ன, நீங்களே ஊருக்குப் போனாலும் சாகாது. வக்கீலுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போனாப் போதும்."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"போன மாசம் அப்பா தவறிட்டாரு சார். டிக்கெட் போட்டுத் தர்றேன்னு கம்பெனியே சொல்லிச்சு. கேஸ உடைக்கத்தான்னு நெனச்சுப் போகாம இருந்துட்டேன். நான் ஒரே புள்ள. சித்தப்பாதான் கொள்ளி வச்சாரு."



துபாயில் முதல் வாய்தா அன்றும் அவர் அதே நீலச் சட்டையில் வந்தார். வாசலில் நின்று, ஒவ்வொரு தோளாகத் தொட்டு எண்ணினார். இனி அது தேவையில்லை என்று அவருக்கும் தெரியும். எண்ணி முடியும்வரை நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.