தேவி தந்துவிட்டுப் போன ஏ போட்டி

வெயிலில் கிடந்த பழைய இறப்பர் செருப்பைக் கையில் எடுத்தால் ஒரு மணம் வரும். பாதி இறப்பரும் பாதி மனிதக் காலுமாக, மூக்கைச் சுளிக்க வைக்கும் மணம். என் வயதுக்காரர் பலருக்குக் கார் என்றால் பெற்றோல் மணம்தான் நினைவுக்கு வரும், எனக்கோ செருப்பு மணம். நான் முதன்முதலில் ஆசைதீர ஓட்டிய காரின் நான்கு "ரயரும்" செருப்பை வெட்டிச் செய்தவை. கார் முழுவதுமே என் உள்ளங்கை நீளம்தான், அதுவும் என்னுடையதல்ல, பருத்தித்துறையில் எங்கள் வீட்டுக்குப் பின் ஒழுங்கையில் இருந்த என் விளையாட்டுத் தோழி தேவியுடையது.

அது துத்தநாகத்தை உருக்கி அச்சில் ஊற்றி வார்த்த விளையாட்டுக் கார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் வாடகைக்கு ஓடிய ஏ-40 காரின், எங்கள் பேச்சில் "ஏ போட்டி"யின், அச்சொட்டான சின்ன உருவம், உருண்ட முதுகும் உப்பிய கன்னங்களுமாக இருக்கும். கப்பலில் போய்வந்த தேவியின் அப்பப்பா எந்தத் துறைமுகத்திலோ வாங்கி வந்ததாகச் சொல்வார்கள். தேவியின் கைக்கு வந்தபோது அதற்கு ரயரும் இல்லை, நிறமும் இல்லை. அவளுடைய அப்பா, நாங்கள் மணியம் மாமா என்று கூப்பிடுகிறவர், கடற்றொழிலாளி. சொந்தமாக ஒரு வள்ளம் வைத்திருந்தார். கையில் ஏதாவது கருவி இல்லாமல் அவர் இருந்து நான் கண்டதில்லை. வலை இல்லாவிட்டால் கத்தி, கத்தி இல்லாவிட்டால் பெயின்ற் தூரிகை. ஒரு பெரிய குழாயின் விளிம்பையும் ஒரு சின்னக் குழாயின் விளிம்பையும் கூர்மையாக்கி, பழைய செருப்பின் மேல் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டு, வட்டமாக நாலு வளையம் எடுத்தார். செருப்பு மேலே வெள்ளையும் கீழே நீலமுமாக இரண்டு அடுக்கு, ஆகவே ரயர்களும் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் நீலம். பிறகு வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்றைக் காருக்கும் அடித்தார். "உப்புக் காத்துக்கு இரும்பென்ன, மனிசனே கறள் பிடிச்சுப் போவான். நல்லா மொத்தமாய்ப் பூசினால்தான் நிக்கும்" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எல்லாம் முடிந்தபின் ஒரு ஈர்க்கை வெள்ளைப் பெயின்றில் தோய்த்து, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, காரின் கூரையில் தன் வள்ளத்தின் எண்ணை எழுதினார். மூன்று இலக்கம். பள்ளிக்கூடப் பக்கம் அதிகம் போகாத அவர் எழுதி நான் பார்த்த ஒரே எழுத்து அதுதான்.

இனி என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பின்னாளில் செய்த மடவேலை விளங்காது. அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, மிஷன் பள்ளிக்கூடத்திலேயே படிப்பித்தவர். ஒழுங்கை முழுவதற்கும் "ரீச்சர்". அவருக்குப் பத்துக் கட்டளைகளோடு பதினொன்றாவதும் ஒன்று இருந்தது. "இரவல் வாங்கின சாமான் வாங்கின மாதிரிப் போகக்கூடாது, அதைவிட வடிவாய்ப் போகவேணும்." எங்கள் வீட்டிலிருந்து திரும்பிப் போகும் புத்தகம் மண்ணிறத் தாள் உறை போட்டுக்கொண்டு போகும். குடை போனால் முறிந்த கம்பி கட்டப்பட்டிருக்கும். கிண்ணம் வெறுமையாகப் போகவே போகாது, அடியில் நாலு முருங்கைக்காயாவது கிடக்கும். எங்களிடம் சாமான் கொடுத்தவர்கள் அது திரும்பி வரும்போது தங்களுடையதுதானா என்று ஒருகணம் தயங்குவதை நானே பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு அந்த வயதில் பெரிய பெருமை.

அந்தப் பெருமைக்கு ஒரே ஒரு தடவைதான் அடி விழுந்தது. தேவாலயத்து இளைஞர் கூட்டத்துக்கு ஒடியற்கூழ் காய்ச்ச வேண்டியிருந்தது, எங்கள் வீட்டில் அவ்வளவு பெரிய பாத்திரம் இல்லை. தேவியின் அம்மாவிடம் பெரிய மண்சட்டி ஒன்றை இரவல் வாங்கினோம். வருஷக்கணக்காக மீன்கறி கொதித்துக் கொதித்து, உள்ளும் வெளியும் கறுத்து மினுங்கும் சட்டி. கூழ் முடிந்ததும் அம்மா அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், தேங்காய்ப் பொச்சும் சாம்பலும் போட்டு இரண்டு நாள் உரஞ்சினார். கறுப்புக் கழன்று, செம்மண் தெரிந்து, குயவர் வீட்டிலிருந்து நேற்று வந்ததுபோல் ஆக்கி, உள்ளே கறுத்தக்கொழும்பான் மாம்பழம் நிரப்பி என் தலையில் ஏற்றிவிட்டார். தேவியின் அம்மா மாம்பழங்களை எடுத்துப்போட்டு உள்ளே பார்த்தார். "ஐயோ, ரீச்சர் என்ரை சட்டியை நாசமாக்கிப்போட்டாவே!" என்று தலையில் கைவைத்தார். பழகின சட்டியில்தான் கறி ருசிக்கும், உரஞ்சின சட்டியில் மண்தான் மணக்கும் என்று மாதக்கணக்காகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், சிரிப்புக்கிடையில் கொஞ்சம் கோபமும் இருந்தது. அம்மா கடைசிவரை "அப்பிடி என்ன பிழை நான் விட்டனான்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். நானும் விளங்காத பக்கத்தில்தான் நின்றேன்.

பிறகு போர் வந்து நாட்கள் கெட்டன. ஊர்கள் வெறுமையாயின, வடகரையிலிருந்து பல குடும்பங்கள் படகேறி இந்தியாவுக்குப் போயின. தேவியும் அவளுடைய அம்மாவும் போவதென்றும், மணியம் மாமா வள்ளத்தோடு நிற்பதென்றும் முடிவாயிற்று. ஆளுக்கு ஒரு பைதான் கொண்டுபோகலாம். போகும் அன்று மத்தியானம் தேவி எங்கள் படலையில் வந்து நின்று, ஒரு "லேஞ்சி"யில், கைக்குட்டையில், சுற்றிய காரை என் கையில் வைத்தாள். "இது உனக்குத் தாறதில்லை, வைச்சிரு. நான் வந்து வாங்குவன். துலைச்சியோ, இருக்கு உனக்கு!" என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் பத்து வயது. அழவேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. கார் என் கைக்கு வந்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

சில மாதங்களுக்குப் பின் மணியம் மாமா ஒருநாள் கடலுக்குப் போனார், திரும்பவில்லை. வள்ளமும் திரும்பவில்லை. இந்தியாவில் முகாமில் இருந்தவர்களுக்குச் செய்தி கடிதத்தில்தான் போனது. அவர்கள் வீடு இருந்த இடத்தில் பின்னர் கற்களும் எருக்கலையும் மட்டும் மிஞ்சின. நாங்களும் இரண்டு தடவை இடம்பெயர்ந்தோம். இரண்டு தடவையும் அம்மா காரைப் பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டு, மேலே அரிசி கொட்டித் தூக்கிவந்தார். தன் கலியாணச் சேலையைக் கூட விட்டுவிட்டு வந்த மனிசி. கேட்டால், "அது பிறத்தியாற்றை சாமான்" என்பார், அத்தோடு கதை முடிந்துவிடும்.

அம்மா காலமானபின் பேணி என்னிடம் வந்தது. இப்போது நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிறேன், ஓர் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப வேலை. கண்ணாடிக் குடுவைகளையும் அமிலங்களையும் பார்த்துக்கொள்கிறவனுக்கு வீட்டில் பொழுதுபோக்கும் அதே சாயலில்தான் அமைந்தது. பழைய வார்ப்புக் கார்களைப் புதுப்பிக்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள் என்பதைக் கைத்தொலைபேசியில் கண்டுபிடித்தேன். பெயின்றைக் கழற்றுவது எப்படி, அடித்தகட்டைப் பிடித்திருக்கும் ஆணித்தலையைக் குடைவது எப்படி, எந்தக் காருக்கு எந்த அளவு ரயர் என்று மணிக்கணக்காகக் காட்டுவார்கள். கடைகளில் கிடந்த உடைசல்களை வாங்கிப் பழகினேன். கை படிந்தது. ஆனால் நீலக் காரை மட்டும் தொடவில்லை, அது பிறத்தியார் சாமான்.

போன வருஷம் தேவியிடமிருந்து செய்தி வந்தது. கனடாவில் இருக்கிறாளாம், மகளோடு கோயில் திருவிழாவுக்கு வருகிறாளாம், என்னையும் ஒருமுறை பார்க்க விருப்பமாம். காரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மறந்திருப்பாள் என்று நினைத்தேன். மறந்தவளுக்கு முன்னால் அந்தக் காரைப் புத்தம் புதிதாக வைத்தால் எப்படி இருக்கும்! அம்மாவின் பதினொன்றாவது கட்டளை எனக்குள் விழித்துக்கொண்டது. ஒரு நாள்கூட யோசிக்கவில்லை, அன்றைக்கே ரயர்களும் அச்சும் கேட்டு இங்கிலாந்துக்கு எழுதிவிட்டேன்.

வேலையை நான் அனுபவித்துச் செய்தேன். கழற்றுமுன் விதிப்படி படங்கள் எடுத்தேன், ஆணிகள் இருந்த அடிப்பக்கத்தைப் பத்துப் பன்னிரண்டு. இரண்டு ஆணித்தலைகளையும் சில்லுச் சில்லாகக் குடைந்து அடித்தகட்டைப் பிரித்தேன். செருப்பு ரயர்களைக் கழற்றி ஒரு ஐஸ்கிறீம் பெட்டிக்குள் போட்டேன். கழற்றியதையும் சொந்தக்காரரிடம் கொடுப்பது அம்மாவின் வழக்கம். பிறகு பெயின்ற் நீக்கியைத் தடவினேன். கொஞ்ச நேரத்தில் நீலம் பொரிந்து, சுருங்கி, தோல்போல் எழும்பியது. பழைய பத்திரிகையால் வழித்து எடுத்துக் குப்பையில் போட்டேன். அடியில் ஒரு மூலையில் தொழிற்சாலைப் பச்சை கொஞ்சம் ஒட்டியிருக்கக் கண்டு சத்தியமாகக் கூவினேன். அசல் நிறம் தெரிந்துவிட்டதே! அதே பச்சையைக் கலந்து, மூன்று பூச்சுப் பூசி, வெயிலில் காயவைத்தேன்.

உதிரிப் பாகங்கள் ஒரு கடித உறையில் வந்தன. "நாலு ரயரும் ஒரு அச்சும் எண்டு எழுதியிருக்கு, மிச்சப் பார்சல் எங்கை?" என்று தபால் கந்தோர் பிள்ளை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே எல்லாம் இருக்கிறது என்று சொல்லி அவளை நம்பவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. ரயர்களைப் பூட்டி மேசையில் உருட்டினேன். ஒரு ஆட்டம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. சிறுவயதில் நேரே ஓட்டினால் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போகும் கார் இப்போது கோடு கீறியதுபோல் போயிற்று.

தேவி ஒரு பின்னேரம் மகளோடு வந்தாள். முன்தலை நரைத்திருந்தது, குரல் மாறவில்லை. தேத்தண்ணி குடித்தோம், செத்தவர்களையும் இருப்பவர்களையும் பற்றிக் கதைத்தோம். "நீங்கள்" என்றுதான் இருவரும் பேசிக்கொண்டோம். பிறகு நான் ஒரு தட்டில் பனங்காய்ப் பணியாரம் நிரப்பி, நடுவில் காரை வைத்துக் கொண்டுவந்தேன். வெறும் தட்டில் வைக்க மனம் வரவில்லை.

"அட, ஏ போட்டி! என்ன வடிவு!" என்று எடுத்து மகளுக்குக் காட்டினாள். "எங்களிட்டையும் இதைப்போல ஒண்டு இருந்தது பிள்ளை. நான் சொல்லுவனே, அதுதான். எங்கடை நீலம்."

"இது அதுதான், தேவி" என்றேன்.

"இல்லை. உது எங்கடை கார் இல்லை." மெதுவாகத் திருப்பிக் கூரையைப் பார்த்தாள். விரலால் ஒருமுறை தடவினாள். "அப்பா எழுதின நம்பர் எங்கை?"

பெயின்ற் நீக்கியைப் பற்றியும், அசல் பச்சையைப் பற்றியும், இங்கிலாந்து ரயரைப் பற்றியும் நான் என்னென்னவோ சொன்னேன். பாதியில் என் குரல் எனக்கே கேட்க வெட்கமாக இருந்தது. அவள் குறுக்கிடாமல் கேட்டாள். இந்தியாவுக்குப் போகும்போது அப்பாவின் படம் ஒன்றுகூடக் கொண்டுபோகவில்லை என்றும், வீடும் போனபின் அந்த எண் மட்டும்தான் எங்காவது இருக்கும் என்று நினைத்திருந்ததாகவும் பிறகு சொன்னாள். கேட்டால் நான் தொலைத்திருந்து சங்கடப்படுவேனோ என்றுதான் கார் பற்றி எழுதவில்லையாம். என் கைத்தொலைபேசியில் படங்களைத் தேடினோம். பன்னிரண்டிலும் அடித்தகடுதான் இருந்தது.

கடைசியில் ஐஸ்கிறீம் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன். தேவி ஒரு வளையத்தை எடுத்து வெள்ளைப் பக்கத்தையும் நீலப் பக்கத்தையும் பார்த்தாள், மணந்து பார்த்தாள். அழப்போகிறாள் என்று நான் பயந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண் நிறைந்துகொண்டே வந்த சிரிப்பு.

"எங்கடை அம்மான்ரை சட்டி ஞாபகம் இருக்கோ? ரீச்சற்றை மகன்தான் நீ. சந்தேகமே இல்லை."

அன்று அவள் என்னை "நீ" என்று சொன்னது அந்த ஒரு முறைதான். நாலு வளையங்களையும் தன் லேஞ்சியில் முடிந்துகொண்டாள். பணியாரத்தையும் எடுத்துக்கொண்டாள். "கார் உங்களோடையே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பச்சைக் கார் இப்போது என் மேசையில் நிற்கிறது. பார்க்கிறவர்கள் மெச்சுகிறார்கள். நீலம் போயிற்று, வள்ளம் போயிற்று, அந்த எண்ணுக்குரிய பழைய பதிவேடுகளும் இப்போது இல்லையென்று தேவி விசாரித்து எழுதியிருந்தாள். எண்ணையாவது திரும்ப எழுதிவிடலாமே என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். முதல் இரண்டு இலக்கங்களும் இருவருக்கும் ஒன்றாகவே ஞாபகம் இருக்கின்றன, நாலும் இரண்டும். மூன்றாவது ஒன்று என்கிறாள் அவள், ஏழு என்கிறேன் நான். மணியம் மாமா இரண்டையும் ஒரே மாதிரித்தான் இழுத்திருப்பார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கார் என்னிடம் இருந்தது, எத்தனையோ தரம் தூசி தட்டியிருக்கிறேன், அந்த எண்ணை ஒருநாளாவது சரியாக வாசித்துப் பார்க்கவில்லை.